அறுபது மணித்தியாலம்

கண்டி நகரின் கொழும்பு வீதியில் இருந்த எங்கள் புடவைக் கடையை இரண்டு பேர் நடத்தினோம். ஒருவன் வியாபாரம் பார்த்தான், மற்றவர் ஆகாயத்தைப் பற்றிப் பேசினார். வியாபாரம் பார்த்தவன் நான், றிஸ்வி. பேசியவர் என் மச்சான் ஸெய்னுலாப்தீன், என் மூத்த சகோதரி றலியா ராத்தாவின் கணவர். கடை அவருடையது. ஆகவே வேலையைப் பங்கிட்டதும் அவர்தான்.

மச்சான் ஒரு விமானி என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். 1931இல் அவருடைய வாப்பா அவரைச் சென்னைக்கு அனுப்பினார், மொத்த வியாபாரிகளிடம் புடவை கொள்முதல் செய்யப் பழகிவரச் சொல்லி. மச்சான் சீத்தைத் துணிக்கும் வெள்ளை மல்லுத்துணிக்கும் வித்தியாசம் பழகவில்லை. விடிந்தால் மீனம்பாக்கத்துக்குப் போய் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் ஏரோப்பிளேன் ஓட்டப் பழகினார். விஷயம் வாப்பாவின் காதுக்கு எட்டியதும் தந்தி போனது. மகன் தலைமன்னார்க் கப்பலில் திரும்பி வந்து, கொஞ்ச நாளில் மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.

கல்யாணமான புதிதில் ராத்தாவிடம் அவர் சொன்ன கணக்கு பதினொரு மணித்தியாலம். அதில் ஒரே ஒரு தடவை, கால் மணித்தியாலம் போல, துரையை இறக்கிவிட்டுத் தனியாகப் பறந்திருக்கிறார். ராத்தா இதை என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அத்தனை பெருமை. நானும் அன்றைக்கு அவரை மரியாதையாகத்தான் பார்த்தேன். கண்டியில் வேறு யார் தனியாக ஆகாயத்தில் இருந்தார்கள்?

பிறகு அந்தப் பதினொன்று வளரத் தொடங்கியது. வாப்பா மௌத்தாகி மச்சான் முதலாளியானபோது அது இருபதுக்கு மேல். மூத்த மகள் பிறந்த வருஷம் நாற்பதைத் தாண்டிவிட்டது. கடைக்குள் உட்கார்ந்தபடியே ஒரு மனிதர் இவ்வளவு பறந்தது சாதனைதான். கடைசியில் அறுபதில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்த எண் அவருடைய வாய்க்கு இதமாக இருந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கும் ஆள் இருந்தது. மாலையானால் கடைக்குள் கதிரை போட்டு வைக்க வேண்டும். வக்கீல் வேலை பார்த்த புறொக்டர் நடராஜா வருவார். யாழ்ப்பாணத்தவர், சத்தியக் கடதாசிகளுக்கு ஒப்பம் வைக்கிற சமாதான நீதவான். கோட்டில் பேசக் கிடைக்காததையெல்லாம் எங்கள் கடையில் பேசித் தீர்த்துவிட்டுப் போகிறவர். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்த செல்லப்பா வருவார். தேத்தண்ணியோடு வந்தால் அவருக்கு எந்தக் கதையும் ருசிக்கும். மேகத்துக்குள் புகுந்தால் எப்படியிருக்கும் என்று மச்சான் சொல்லுவார். இருவரும் அந்த மேகத்தைத் தாங்களே பார்த்ததுபோலத் தலையாட்டுவார்கள். நான் ஒரு பெண்பிள்ளைக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் பறக்கப் பழக்குகிறார்கள் என்ற செய்தியை 1937இல் பத்திரிகையோடு கொண்டுவந்தவர் புறொக்டர்தான்.

"மிஸ்டர் ஸெய்னுலாப்தீன், இனி என்ன சாட்டுச் சொல்லப் போறியள்? விட்ட இடத்திலை இருந்து துவங்க வேண்டியதுதானே."

"துவங்கத்தான் போறேன்," என்றார் மச்சான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் தூக்குமேடைக்கும் சரி என்று சொல்லக்கூடியவர்.

ஆனால் அடுத்த கிழமை உண்மையாகவே இரத்மலானைக்குப் போய்வந்தார். அன்று மாலை கதிரைகள் நிறைந்திருந்தும் அவர் அதிகம் பேசவில்லை. கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தார். இயந்திர எண்ணெய் வாசம். ஒரு சிறகைத் தொட்டுப் பார்த்தாராம். எனக்கு எரிச்சல் மூட்டியது அதுதான். அந்த மனிதரிடம் ஆசை மட்டும் பொய்யில்லை. மற்றதெல்லாம் பொய்.

அங்கே பழக்கும் துரை அவரிடம் லொக் புத்தகத்தைக் கேட்டிருக்கிறார். விமானம் ஓட்டப் பழகுகிற ஒவ்வொருவரும் பறந்த நேரத்தை ஒரு புத்தகத்தில் எழுதி, பழக்கியவரிடம் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். அதுதான் லொக் புத்தகம். அது இருந்தால் பழைய நேரம் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சென்னைச் சாமான் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் கலகெதர ஊரில் எங்களுக்கு இருந்த களஞ்சிய அறையில் கிடந்தது. நானும் மச்சானும் போய்த் திறந்தோம். அடித்தகடு எப்போதோ துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே சிவந்த மண்புற்று. கறையான் அவருடைய கோட்டைத் தின்று, தொப்பியைத் தின்று, புத்தகத்தையும் தின்றிருந்தது. நீல அட்டையில் உள்ளங்கையளவு துண்டொன்று மிஞ்சியது. மச்சான் அந்தத் துண்டை எடுத்துத் துடைத்தார். தொட்ட இடம் உதிர்ந்தது.

"மெட்ராசுக்கு ஒரு கடிதம் எழுதுங்க, மச்சான்," என்றேன். "அவங்கட பதிவுல ஈக்குந்தானே. பாத்து எழுதி அனுப்புவாங்க."

"அதெல்லாம் மாசக்கணக்குல போகும் றிஸ்வி."

அவர் பயந்தது மாசக்கணக்குக்கு அல்ல. சென்னையில் இருப்பவர்களுக்குப் பதினொன்றைப் பதினொன்று என்றுதான் எழுதத் தெரியும்.

இரத்மலானைத் துரை இன்னொரு வழியும் சொல்லியிருந்தார். சென்னையிலிருந்து பதில் வரும்வரைக்கும் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும். சமாதான நீதவான் முன்னால் எழுதி, மதிப்பான இரண்டு பேர் சாட்சி வைக்க வேண்டும். அதை நம்பிப் புதுப் புத்தகம் திறந்து தருவார். துரைமாருக்கு நம் ஊர்ச் சமாதான நீதவான்களைத் தெரியாது.

புறொக்டரின் கந்தோருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நடராஜா பேனையைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். மச்சான் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சேர், அந்த மணித்தியாலக் கணக்கு..." என்று மச்சான் தொடங்கினார்.

"அறுபது. இதைக் கேக்கவும் வேணுமே? ஊர் உலகம் அறிஞ்ச விசயம்." புறொக்டர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்.

மச்சான் என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவருக்கு உதவி எதுவும் கிடைக்கவில்லை.

"அவர்ட வாயால செல்லட்டுமே, சேர்," என்றேன்.

புறொக்டர் தலையை நிமிர்த்தினார். "ஏன், பிழையோ?"

இரண்டு விநாடி அவருக்குக் கிடைத்தது. ஒரு மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ள அது தாராளம். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"அறுபது மட்டில வரும்."

"மட்டில எண்டு எழுதேலாது. அறுபது."

அல்லாஹ்வை முன்னிறுத்திச் சொல்லுவதாக எழுதிய கடதாசியில் மச்சான் கையெழுத்து வைத்தார். முதல் சாட்சி செல்லப்பா. தகவல் கிடைத்ததும் கச்சேரியிலிருந்து குடையோடு ஓடி வந்திருந்தார். "எத்தினை வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம், இதுக்கென்ன," என்று சொல்லி ஒப்பமிட்டார். கேட்டதெல்லாம் கண்டதாகிவிடுமென்றால் செல்லப்பா மக்காவையும் லண்டனையும் கண்டவர்தான்.

இரண்டாம் சாட்சிக்குப் பேனை என் பக்கம் நீண்டது.

"நான் ஒண்டும் காணல்லியே, சேர்," என்றேன்.

"சொந்த மச்சானுக்கு இந்த உதவி செய்யேலாதோ?"

"காணாதத்தக் கண்டண்டு எப்பிடிச் செல்லுறது?"

புறொக்டர் என்னைப் பார்த்த பார்வையில், இப்படியொரு உதவாக்கரையின் வீட்டில் பெண் எடுத்த மனிதருக்காக அவர் இரங்குவது தெரிந்தது. பக்கத்துக் கந்தோரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் மச்சானை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார். மிகச் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

ராத்தாவுக்கு விஷயத்தை நான் சொல்லவில்லை. மச்சானே கடதாசியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். கட்டுக்கலையில் இருந்த வீட்டில் நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்தோம். ராத்தாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அந்த எண்ணைக் கண்டதும் கடதாசியை மடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

"கடையில கதைக்கிறத நான் கணக்கெடுக்கல்ல. ஆம்புளைங்க கதைப்பாங்க. இது அல்லாட பேரச் செல்லி எழுதினதுதானே."

"நடராஜா எழுதிட்டார், றலியா. எழுதின பொறகு..."

"கையெழுத்து நடராஜாடயா?"

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பதினொண்டுல என்ன கொற?" என்று ராத்தா கேட்டாள். "தனிய ஏறிப் போனண்டு சென்னீங்களே. மேல போய்ப் பயத்துல சத்தம் போட்டுப் பாட்டுப் படிச்சண்டு சென்னீங்களே. நான் ஒங்கள மதிச்சது அதுக்குத்தான். இந்த அறுபது யார்டயோ. எனக்கு அந்த மனுசனத் தெரியாது."

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். மச்சான் கடதாசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. ஊரே கடைக்கு வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தது. ஊருக்கு முன்னால் சின்னவராவதைவிட அல்லாஹ்வுக்கு முன்னால் சின்னவராவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

பயிற்சிக்குப் போகிற நாளில் ராத்தா என்னையும் கூடப் போகச் சொன்னாள். ரயிலில் மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடுகண்ணாவைச் சரிவில் வண்டி இறங்கும்போது அவருடைய வலது கை முழங்கால்மேல் எதையோ பிடித்து இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்திய பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

இரத்மலானையில் துரை கடதாசியை வாசித்து, புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அறுபதை அழகாக எழுதினார். பிறகு மச்சானின் தோளில் தட்டினார். இவ்வளவு பறந்தவருக்கு ஆரம்பப் பாடம் எடுப்பது அவமானமாக இருக்கும், ஒரு சுற்றுப் போய்க் கை பழகிவிட்டால் நேரே தனியே அனுப்பிவிடலாம் என்றார். நான் வேலிக்குப் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டேன். மச்சானின் முகம் மல்லுத்துணி நிறத்துக்குப் போயிற்று.

இரட்டைச் சிறகு விமானம். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். மச்சான் பின்னால் ஏறினார். துரை முன்னால் உட்கார்ந்து கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார், எல்லாம் உங்கள் பொறுப்பு என்பதுபோல. விமானம் புல்லில் ஓடத் தொடங்கியது. நேரே ஓடவில்லை. குடித்தவன் வீடு திரும்புகிற மாதிரி இடமும் வலமுமாகப் போய், ஒரு தடவை எழும்பி, மறுபடி நிலத்தில் குத்தி, பிறகு மனமில்லாமல் மேலே போயிற்று.

கடல் பக்கம் திரும்பும்போது ஒரு சிறகு நிலத்தை நோக்கிச் சாய்ந்தது. கொஞ்ச நேரம் நான் பார்க்கவில்லை. ராத்தாவுக்கு என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இறங்க வந்தபோது மூக்கு மிகவும் உயர்ந்துவிட்டது. விமானம் ஆகாயத்தில் ஒரு கணம் நின்றதுபோல இருந்தது. எஞ்சின் சத்தம் திடீரென்று பெரிதாயிற்று. துரை தன் பக்கத்து ஓட்டும் தடியைப் பிடித்துவிட்டார் என்பது எனக்கே விளங்கியது. அப்படியும் சக்கரங்கள் நிலத்தில் மோதி, துள்ளி, மோதி ஓடின. நின்றபோது ஒரு சக்கரம் சப்பாணிக் கால் மாதிரி வளைந்திருந்தது.

துரை இறங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் மச்சானுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

"இந்தப் புத்தகத்தில் இருக்கிற அறுபது மணித்தியாலமும் பறந்தவர் யார்?" என்று கேட்டார். "அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவரோடு பறக்க எனக்கு ஆசை."

மச்சான் விமானத்தின் பக்கத்தில் நின்றார். தலைக்கவசத்தின் வார் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். காற்று, எஞ்சின், புதுவகை விமானம், ஆறு வருஷ இடைவெளி. அவருக்குக் கதையா பஞ்சம்?

"பதினொன்று," என்றார் ஆங்கிலத்தில். "ஒரே ஒரு தடவை தனியாக."

துரை பென்சிலை எடுத்து முதல் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "சென்னைக்கு எழுதுங்கள். அவர்கள் அனுப்புவதைக் கொண்டு வாருங்கள். உங்கள் ஊர் நீதவான் எழுதியது எனக்கு வேண்டாம்." போகும்போது திரும்பிப் பார்த்து, "பதினொரு மணித்தியாலத்தில் தனியாகப் போனவன் மோசமில்லை. அதை ஏன் மறைத்தீர்கள்?" என்றார்.

மச்சான் தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்தார். நாங்கள் அடுத்த ரயிலில் கண்டி திரும்பினோம்.

அன்றைக்கே சென்னைக்குக் கடிதம் எழுதினார். பதில் வருவதற்கு மாசக்கணக்கு எல்லாம் ஆகவில்லை. பதினொன்றுக்குச் சில நிமிடம் குறைவு, தனியாகப் பறந்தது ஒரு தடவை, பழக்கியவர் கையெழுத்தின் பிரதியுடன். அதை எடுத்துக்கொண்டு மச்சான் நேரே புறொக்டரின் கந்தோருக்குப் போனார், பழைய சத்தியக் கடதாசியை வாபஸ் வாங்க. இந்த முறை நான் கூப்பிடாமலே போனேன். இதைப் பார்க்காமல் விட எனக்கு மனமில்லை.

நடராஜாவுக்குக் கோபம் வந்தது. மச்சான் பொய் சொன்னதற்கு அல்ல.

"நான் சமாதான நீதவான். என்ர கையெழுத்து இருக்கிற கடதாசியைப் பொய்யெண்டு சொல்ல வந்திருக்கிறீரோ?"

"நான் பறந்தது பதினொண்டுதான், சேர்."

"மெட்ராஸ்காரன் பிழையா எழுதியிருப்பான். அவங்கட பதிவுகளை நம்பேலாது."

"பறந்தது நான்தானே, சேர். எனக்குத் தெரியும்."

"உமக்கென்ன தெரியும்?" என்று புறொக்டர் கேட்டார். நல்ல கேள்விதான். அவர் கேட்ட அர்த்தத்தில் அல்ல.

செல்லப்பா வேறு விதமாக எடுத்துக்கொண்டார். மச்சானின் தன்னடக்கத்தை மெச்சினார். பெரிய மனிதர்கள் தங்களைக் குறைத்துத்தான் சொல்லுவார்கள் என்றார். வெள்ளைக்காரன் பொறாமையில் ஐம்பது மணித்தியாலத்தை வெட்டிவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. மச்சான் ஒவ்வொருவரிடமும் நின்று, இல்லை, நான்தான் கூட்டிச் சொன்னேன் என்றார். ஐந்து வருஷமாக அவர் சொன்ன பொய்யையெல்லாம் மறுபேச்சில்லாமல் விழுங்கிய ஊர், ஓர் உண்மையைச் சொன்னதும் அத்தாட்சி கேட்டது.

கடைசியில் நம்பினார்கள். நம்பியபின் மன்னிக்கவில்லை. மாலையில் கதிரை போட வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. எங்கள் கடையைத் தாண்டும்போது புறொக்டர் எதிர்ப்பக்கத்து மருந்துக் கடையின் பலகையை வாசித்துக்கொண்டு போனார். சந்தைப் பக்கத்தில் மச்சானுக்குப் 'பதினொரு மணி முதலாளி' என்று பெயர் விழுந்தது. அறுபது என்று பொய் சொன்னபோது அவர் விமானி, பெரிய மனிதர். உண்மைக்குத்தான் பட்டப்பெயர் கிடைத்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவர் ஞாயிறுதோறும் இரத்மலானைக்குப் போனார். துரை அவரை முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். மீசை முளைக்காத பெடியன்களோடு புல்லில் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருந்தார். வளைந்த சக்கரத்தின் செலவைக் கொடுத்தார். சில ஞாயிறுகளில் மழையில் நனைந்து, ஒரு நிமிடமும் பறக்காமல் திரும்பி வந்தார். ராத்தா தலை துவட்டத் துவாயைக் கொடுப்பாள். "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்பாள். "ஒண்டுமில்ல," என்பார். அவள் முகம் மலரும். எனக்கு அது விளங்கச் சில மாதம் எடுத்தது.

அடுத்த வருஷம் அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. புறொக்டர் பாராட்டுக் கூட்டம் ஒன்று வைக்கலாமென்று ஆள் அனுப்பினார். தலைமை வகிக்கவும் ஆயத்தமாக இருந்தாராம். மச்சான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவர் ஒரு கூட்டத்தை வேண்டாமென்று சொன்னதை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் கண்டதில்லை.

முதல் பயணியாக ராத்தாவைக் கூப்பிட்டார். வயிற்றில் பிள்ளை இருந்தபடியால் அவள் என்னை அனுப்பினாள். எனக்கு ஆகாயத்தில் வேலை ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

நான் முன்னால், அவர் பின்னால். அவர் பேசினால் என் காதுக்குக் கேட்க ஒரு குழாய் இருந்தது. விமானம் நேரே ஓடி, நேரே எழும்பியது. கீழே பொல்கொட வாவி தகரத் தகடு மாதிரிக் கிடந்தது. தென்னைகள் சின்னதாகின. நான் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, இதோ குழாயில் தொடங்கப் போகிறார், மேகத்தைப் பற்றி, காற்றைப் பற்றி, மீனம்பாக்கத்தைப் பற்றி என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. பயத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் தூரத்தில் எதையோ கவனித்துக்கொண்டிருந்தார். நான் இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

ஒரு தட்டுத் தடுமாற்றமும் இல்லாமல் இறக்கினார். துரை எழுந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்பிடி?" என்று கேட்டார், நான் இறங்கியதும்.

"பரவாயில்ல," என்றேன். அதற்கு மேல் அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் கண்டி ரயில் புறப்படும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார். எங்கும் மழை மேகம், பக்கக் காற்று, அவர் மட்டும் இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்பது. எதிரில் இருந்த பிலிமத்தலாவை வியாபாரி ஒருவர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு வந்தார். நான் தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன்.